பழைய தேதிக்கு

“பட்டியல் ஒண்ணு வரும்ப்பா. தேதி தேதியா இருக்கும். கம்ப்யூட்டர் ஒழுங்கா ஓடின நாள் எதுன்னு பாத்து அதை அமுக்குங்க. அவ்வளவுதான்” என்று இளவெயினி ஓசூரிலிருந்து போனில் சொன்னபோது கூத்தரசன் “தெரியும் தெரியும்” என்றார். தெரியாது. தெரியாது என்றால், “ஒரு நம்பர் வரும், அதைப் படிச்சுச் சொல்லுங்க, நான் இங்கேருந்தே உள்ள வந்து பாத்துடறேன்” என்று மறுபடியும் தொடங்குவாள். போன முறை பிரிண்டர் மக்கர் செய்தபோது அப்படித்தான் வந்தாள். மகள் ஓசூரில், மவுஸ் அம்பு உறையூரில் தானாக நகர்ந்தது, அவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். இன்றைக்கு வந்தால் வேடிக்கை அவளுக்கு. திரை முழுக்க நாகதோஷப் பரிகாரம். ஒன்றை மூடினால் இரண்டு திறக்கிறது. அதிர்ஷ்ட ராசிக்கல் மோதிரம். உங்கள் மகளுக்குத் திருமணத் தடையா, இங்கே தொடவும். சனிப்பெயர்ச்சி, சிவப்பு எழுத்தில், மின்னி மின்னி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர் வீட்டுக் கம்ப்யூட்டரில். பகுத்தறிவு மன்றத்தின் முன்னாள் செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில். “வேண்டாம், நானே பாத்துக்கறேன்” என்றார். “ஏன்ப்பா கோவப்படறீங்க? சாயங்காலம் கல்யாணம் பேச பிரசன்னாவும் அவங்க அம்மாவும் வீடியோல வருவாங்க. போன்ல பேசினா உங்க மூஞ்சி பாதிதான் தெரியுது, நெத்தி மட்டும். நீங்களும் அம்மாவும் கம்ப்யூட்டர் முன்னாடி ஒழுங்கா உக்காரணும். அதுக்குத்தான் சொல்றேன்.” “சரி.” “என்ன இன்ஸ்டால் பண்ணீங்க, அதையாவது சொல்லுங்களேன்.” “ஒண்ணும் பண்ணலை. வை.” வைத்துவிட்டாள். அவளுக்கு அப்பாவின் பேச்சு இவ்வளவுதான் என்று தெரியும். அதில் பொய் எவ்வளவு என்று தெரியாது. இதுவரை இருந்ததில்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்தார். சமையலறையில் மனைவி பாக்கியம் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசனை இங்கே வரை வந்தது. மகள் சொன்னபடி எழுத்தைத் தட்டினார், திரையில் சன்னல் திறந்தது, பட்டியல் வந்தது. மூன்றே வரி. மேலே நேற்று. கீழே போன மாதம். நடுவில் அது. ஜோதிடச் சுரங்கம், இலவசப் பதிப்பு, நிறுவப்பட்ட நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயாம். கிழமையைப் பார்த்து முகம் சுளித்தார், பிறகு கிழமையைப் பார்த்து ஏன் சுளிக்க வேண்டும் என்று தன்மேலேயே எரிந்து விழுந்தார். இதுதான் இப்போதெல்லாம். ஒரு நினைப்பு வருகிறது, அதன் குடுமியை இன்னொரு நினைப்பு பிடிக்கிறது. செவ்வாய்க்கிழமை பாக்கியம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வரிசை நீளம் என்று போன் செய்தாள். நல்லது என்று நினைத்தார், அப்படி நினைத்தபோதே காது சூடாகியது. வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். தன் வீட்டில், பட்டப்பகலில், கெட்ட படம் பார்க்கப்போகிற காலேஜ் பையன் மாதிரி. பெட்டி ஒவ்வொன்றாகக் கேட்டது. பெண் பெயர், பிறந்த ஊர், தேதி, நேரம். ஆண் பெயர், ஊர், தேதி, நேரம். பையனுடையது கையில் இருந்தது. அவன் அம்மா ஜாதகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். “சும்மா இருக்கட்டும்னு அனுப்பறேன், பாக்கணும்னு இல்லை” என்று எழுதி. இளவெயினி அதைத் தன் அம்மா போனுக்குத் தள்ளிவிட்டிருந்தாள். அப்பாகிட்ட காட்டு, சிரிப்பார். சிரித்தார். பெரிதாகவே சிரித்தார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அவள் அவர்களிடம் சொல்லியிருந்தாள்: எங்க வீட்டுல எனக்கு ஜாதகமே எழுதலை ஆன்ட்டி, எங்கப்பா அதுல கறார். அதைத் திரும்பச் சொல்லும்போது மகளின் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. பத்தாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கியதைக்கூட அவள் அந்தக் குரலில் சொன்னதில்லை. எங்கப்பா அதுல கறார். அந்தக் கறார் அப்பா பெட்டிக்குள் பெண்ணின் பெயரைத் தட்டினார். நேரம் என்ற இடத்தில் நின்றுவிட்டது விரல். தெரியாது. எழுதி வைக்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தான்.

ஏன் செய்தார் என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. யார் கேட்கப்போகிறார்கள், அவரே கேட்டார், அப்போதும் கிடையாது. பையன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் கழுவினான், பாக்கியம் பதறினாள். மன்றத்தைப் பற்றிக் கேட்டான், நிஜமாகவே கேட்டான், நடுவில் போனைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது பைக்கில் ஏறி ஹெல்மெட்டை மாட்டினான். பின்னாலிருந்து பார்த்தால் முதுகு ஒல்லி. சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு. அவ்வளவுதான். தெரு முனையில் லாரி ஒன்று ஒலி எழுப்பியது, பையன் கையாட்டிவிட்டுத் திரும்பினான். லாரி கடந்துபோகும்வரை இவர் வாசற்படியை விட்டு நகரவில்லை. பிடித்துப்போய்விட்டதால் வந்த வினை. பிடிக்காத மாப்பிள்ளையாக இருந்தால் எப்படியோ போ என்று விட்டிருப்பார். செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார். மிகவும் சாதாரணமாக, மோரை ஊற்றிக்கொண்டே. “வெயினி பொறந்தப்ப மணி என்ன இருக்கும்?” பாக்கியம் தலை நிமிரவில்லை. ஊறுகாய் வைத்துக்கொண்டே சொன்னாள், நிமிஷத்தோடு. முப்பது வருஷமாக நாக்கு நுனியிலேயே வைத்திருந்த மாதிரி. “எதுக்கு?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆஸ்பத்திரிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் என்று ஏதாவது தயாராக வைத்திருந்தார். கேட்காததால் அந்தப் பொய் வாயிலேயே கிடந்து புளித்தது.

கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தார். போன மாதம். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடின நாள், அவரும் ஒழுங்காக இருந்த நாள். பாதிக்கப்படும் நிரல்களைக் காட்டவா என்று கேட்டது. காட்டியது. ஒன்றே ஒன்று, சுரங்கம். இது நீக்கப்படும். உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு எந்தப் பாதிப்பும் வராது. எது சொந்தம், எது வந்து ஒட்டியது என்று இதற்கு எப்படித் தெரியும்? தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது, உறுதியா என்றது. உறுதி. அமுக்கினார். திரை கறுத்தது. கறுப்பில் அவர் முகமே தெரிந்தது, காதோர நரையும் தொங்கும் தாடையும். சட்டென்று பார்வையைத் திருப்பினார். நல்லவேளை, வட்டம் சுழலத் தொடங்கியது. காத்திருக்கவும். காத்திருப்பது அவருக்கு ஆகாத வேலை. பஸ் ஸ்டாண்டில், டாக்டர் வீட்டில், எங்கேயும் எழுந்து எழுந்து போய்க் கேட்கிற ஆள். இதை யாரிடம் போய்க் கேட்பது? புள்ளிகள் ஒன்றையொன்று துரத்தின. யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாள் ஆகிறது. இப்போது கரண்டு போனால் மொத்தமும் போகும், நடுவில் நிறுத்த முடியாது என்று சொல்லிவிட்டது. மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சுற்றுகிறது. போகக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் போகக் கூடாது, போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? யாரிடம் சொல்கிறாய் கூத்தரசா? மின்சார வாரியத்திடம் என்று தனக்குத்தானே சொன்னார். உதட்டோரம் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, பாக்கியம் தூங்கிய பிறகு, சிவப்பில் காட்டியது அந்தத் திரை. மற்றதெல்லாம் பச்சை, தினம், கணம், யோனி, ராசி என்று கிடுகிடுவென்று பச்சை. ஒன்று மட்டும் சிவப்பு. ரஜ்ஜு, பொருத்தம் இல்லை. அது இல்லையென்றால் மற்ற அத்தனையும் இருந்தும் பயனில்லை என்பார்கள். மாப்பிள்ளையின் ஆயுளுக்கு ஆகாது என்பார்கள். என்பார்கள். யார்? ஆசிரியர் அறையில் சீனிவாசகம் சொன்னார் ஒரு தடவை, வரலாறு நடத்துகிறவர், சாது. மகளுக்கு வந்த நல்ல இடத்தை ரஜ்ஜு தட்டுதுன்னு விட்டுட்டோம் சார் என்றார். “ரஜ்ஜுன்னா கயிறுதானே சார், சைக்கிள் கேரியர்ல கட்டற கயிறா, கிணத்துல விடற கயிறா? வாங்கித் தரேன், எத்தனை முழம் வேணும்?” என்றார் கூத்தரசன். எல்லாரும் சிரித்தார்கள். சீனிவாசகமும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பெஞ்சில் இல்லாத தூசியைக் கையால் தட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாக்கியத்திடமும் சொல்லிச் சிரித்தார். அவள் சிரித்தாளா? ஞாபகம் இல்லை. அவள் முகத்தை அப்போது பார்த்தாரா என்பதே ஞாபகம் இல்லை. சனிக்கு வளையம் உண்டு, கண் கிடையாது, அப்புறம் எப்படிடா அது உன்னைப் பார்க்கும்? வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் சொல்வார், வருஷா வருஷம் சிரிப்பார்கள். அவர் கல்யாணமே ராகு காலத்தில்தான், வேண்டுமென்றே, மேடை போட்டு, மைக் வைத்து. மாமனார் முன் வரிசையில் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தார். பாவம், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து. தன் பெயரை மாற்றிக்கொண்ட வேகத்தில் பாக்கியத்துக்கும் செல்வநங்கை என்று வைக்கலாம் என்றார். “எங்கப்பா வச்ச பேரு, அதுல கை வைக்காதீங்க” என்றாள். அந்த வீட்டில் அவள் ஜெயித்த ஒரே வழக்கு.

எல்லாம் கூடப் பிறந்த பூங்காவனம் அக்காவால் வந்தது. அக்காவுக்குப் பத்துக்குப் பத்து. ரஜ்ஜு உட்பட. ஜோசியர் கட்டத்தை விரல் வைத்துக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு முடிங்க என்றார். தலைதீபாவளிக்கு வந்த மாமா பொங்கலுக்கு இல்லை. கொள்ளிடத்தில் குளிக்கப் போனவர், சுழி. அன்றைக்குத்தான் ஜோசியர் வீட்டு வாசலில் நின்று கூத்தரசன் கத்தினார், மீசை முளைக்காத வயசு. வெளியே வாய்யா, பத்துக்குப் பத்துன்னியே, வெளியே வா. அவர் வரவில்லை. அதன்பிறகு எந்த மேடையிலும் அக்கா கதைதான் கடைசி ஆயுதம். அதற்குமேல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொருந்தினால் வாழ்வார்கள் என்பது பொய்யென்றால், பொருந்தாவிட்டால் சாவார்கள் என்பதும் பொய். கணக்கு சுத்தம். செவ்வாய்க்கிழமையும் அந்தக் கணக்கைத்தான் சொல்லிப் பார்த்தார். சிவப்பு எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டே சொன்னார். சொல்லச் சொல்லக் கணக்கு நழுவியது, அக்கா மட்டும் நின்றாள். கூடத்து மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வளையல் இல்லாத கையால் எதையோ தரையில் கீறிக்கொண்டு. அவளுக்கு இளவெயினியின் முகம். தலையை உதறினார். மறுபடி அக்கா முகத்தை வைக்கப் பார்த்தார், ஒட்டவில்லை. இத்தனை வருஷம் எதை எடுத்து எல்லாரையும் அடித்தாரோ அதுவே திரும்பி இவரை அடிக்கிறது. அடுத்த நாள் இளவெயினி போன் செய்து, மண்டபம் சொல்லிடலாமாப்பா, தையில கேக்கறாங்க என்றபோது வாய் தானாகச் சொன்னது. “என்ன அவசரம், ஒரு வருஷம் போகட்டும்.” “ஏன்ப்பா?” “அந்தப் பையனுக்கு வேலை கொஞ்சம் உறுதியாகட்டும்.” பையனுக்கு வேலை உறுதியாகத்தான் இருந்தது, அவளுக்கே தெரியும். “சரிப்பா, நீங்க யோசிச்சுத்தான் சொல்வீங்க” என்றாள். திட்டியிருக்கலாம். நீங்க யோசிச்சுத்தான் சொல்வீங்க. ஒரு வருஷத்தில் என்ன மாறும்? கிரகமா? ஒரு வருஷம் தள்ளினால் ஒரு வருஷம் அவன் இருப்பான் என்றா நினைத்தார்? இல்லை, தள்ளித் தள்ளி அதுவாகவே விட்டுப் போகட்டும் என்று. அதுதான். சொல்லிப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது. ஜாதகம் பார்த்து வேண்டாமென்று நேருக்கு நேர் சொன்ன சீனிவாசகம் இவரைவிட நேர்மையான மனுஷன்.

புள்ளிகள் நின்றன. திரை வெளுத்தது, பழைய மலைப்படம் வந்தது. பழைய தேதிக்கு வெற்றிகரமாகத் திரும்பிவிட்டதாக ஒரு சிறிய பெட்டி. மின்னல் இல்லை, மோதிரம் இல்லை, சனி பெயரவில்லை. எதைத் தொட்டாலும் சொன்னபடி கேட்டது. ஒன்றுமே நடக்காததுபோல், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. போன் அடித்தது.

“என்னப்பா, வந்துச்சா?”

“வந்துருச்சு.”

“சூப்பர். உங்களால முடியும்னு எனக்குத் தெரியும். ஆனா என்னதான்ப்பா போட்டீங்க? மறுபடியும் அதையே போட்டு வைக்காதீங்க. அதுக்குத்தான் கேக்கறேன்.”

வாய் திறந்தார். தோளுக்குப் பின்னால் நெத்திலி வாசனை. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. பாக்கியம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“நான்தான்டி. கோலம் பாக்கலாம்னு எதையோ அமுக்கினேன். அது என்னத்தையோ எறக்கிடுச்சு.”

“அம்மா! கண்டதையும் அமுக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? பக்கத்துல அப்பா மாதிரி விவரமான ஆளை வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“இனிமே கேக்கறேன்.”

“அப்பாகிட்ட சொல்லு, அவங்கம்மா சாயங்காலம் தேதிதான் கேப்பாங்க. ஒரு வருஷம்னு அப்பா சொன்னதை நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லலை. எனக்குச் சொல்ல வாய் வரலைம்மா. அப்பாவே சொல்லட்டும்.”

போனை வைத்தாள். கூத்தரசன் மலைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான்டி என்று அவள் சொன்னபோது இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஒரே சொல், போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. சொல்லவில்லை. இடம் கிடைத்த பஸ்ஸில் உட்காருகிறவன் மாதிரி உட்கார்ந்துவிட்டார். இப்போது திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டட்டும். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்துத் திட்டட்டும், சாமி படம்கூட மாட்டவிடாமல் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் கும்பிட வைத்தீர்களே என்று. அந்தப் படம் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும், தெரியும் என்பது அவளுக்கும் தெரியும், இருவரும் அந்த டப்பாவைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“என்ன வந்துச்சு?” என்றாள்.

“எது?”

“நேரம் கேட்டீங்கள்ல. பார்த்தீங்கள்ல. என்ன வந்துச்சுன்னு கேக்கறேன்.”

குரலில் குத்தல் இல்லை. அதுதான் தாங்கவில்லை. முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பிள்ளை பிறந்த அன்றைக்கே கேட்க நினைத்த கேள்வி, பதில் சொல்ல ஆளில்லாமல் இத்தனை வருஷம் வயிற்றிலேயே வைத்திருந்தவள். இப்போது சொல்ல ஆள் கிடைத்திருக்கிறது, வேறு யாருமில்லை, இவர். பார்த்தது பொய்யென்று சொல்லலாம். அதெல்லாம் மூடத்தனம், நான் பார்த்ததே தப்பு என்று சொல்லலாம், உண்மை அது. ஆனால் அவள் உண்மையைக் கேட்கவில்லை. சிவப்பைச் சொன்னால் இன்றைக்கே முடிந்தது. அவள் அழமாட்டாள், எதிர்க்கவும் மாட்டாள், ஒரு ஓரமாக நின்று அந்தக் கல்யாணத்தையே பயத்தோடு பார்ப்பாள், பேரன் பிறந்தாலும் பார்ப்பாள். இவர் பார்க்கப்போகிற மாதிரியே.

“பொருந்துச்சு” என்றார்.

“எல்லாமா?”

“எல்லாந்தான்.”

“ரஜ்ஜு?”

அதைக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. “அதுவும்” என்றார். பள்ளிக்கூடத்துக் குரலில், அதட்டலாக. அப்படிச் சொன்னால்தான் நம்புவாள். நம்பினாள். கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொள்ளப்போன கை, அவர் இருப்பது ஞாபகம் வந்து பாதியில் நின்றது. “போட்டுக்கோ” என்றார். போட்டுக்கொண்டு எழுந்து சமையலறைக்குள் போனாள். டப்பா நகரும் சத்தம் கேட்டது. முதல் தடவையாகச் சத்தம் வர நகர்த்துகிறாள்.

சாயங்காலம் திரையில் மூன்று பேர் வந்தார்கள். இளவெயினி ஒரு கட்டத்தில், பிரசன்னாவும் அவன் அம்மாவும் இன்னொன்றில். அந்தம்மா வணக்கம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “சம்பந்தி, உங்க கொள்கைப்படியே வச்சுக்கலாம். நாங்க எதுவும் பாக்கலை. நீங்க ஒரு நாள் சொன்னாப் போதும்.” மகள் தலை குனிந்திருந்தாள். கட்டத்தில் அவள் வகிடு மட்டும் தெரிந்தது. “தையிலயே வச்சுக்கலாம்” என்றார் கூத்தரசன். வகிடு மறைந்து முகம் வந்தது. அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார். பையன் சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வந்து, தம்ளரை வாயில் வைத்து, இருமினான். இரண்டு மூன்று தடவை, தோள்பட்டை குலுங்க.

“என்ன தம்பி இருமல்?”

“ஒண்ணுமில்லை மாமா. தண்ணி புரையேறிடுச்சு.”

“எத்தனை நாளா இருக்கு?”

“இப்பதான் மாமா. இப்பக் குடிச்ச தண்ணி.”

எல்லாரும் சிரித்தார்கள். “பாத்தியாடா, மாமனாருக்கு இப்பவே உன் மேல எவ்வளவு கரிசனம்” என்றார் அந்தம்மா. “அப்பா என்கிட்டகூட இப்படிக் கேட்டதில்லை” என்று இளவெயினி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பக்கத்தில் பாக்கியமும் சிரித்தாள், நெற்றியில் புதுசாய்த் திருநீறு. கூத்தரசனும் உதட்டை விரித்து வைத்துக்கொண்டு, சட்டைக்குள் அந்த ஒல்லி நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி இருந்தார்.

“எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க தம்பி” என்றார்.